விட்டுப்போன சூப்பர் ஹீரோ காமிக்ஸை மறுபடி பிடிப்பது எப்படி? கோலாலம்பூர்வாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

சென்ற ஆண்டு ஒரே மாலையில் 412 ரிங்கிட் கொடுத்து ஆறு காமிக்ஸ் புத்தகங்கள் வாங்கினேன். ஒன்றைக்கூட முடிக்கவில்லை. ஒன்று மூன்றாம் பாகம் என்பது வீட்டுக்கு வந்து உறையைக் கிழித்த பிறகுதான் தெரிந்தது. இன்னொன்றில் முப்பது பேர் வானத்தில் பறந்தபடி ஒருவரையொருவர் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார்கள். யார் எவர் என்று விளங்கவில்லை. வேறொன்றில் கதையின் நடுத்துண்டு மட்டும் இருந்தது. தலையும் வாலும் வேறு இரண்டு தொடர்களில் இருந்தனவாம்.

எஸ்.பி.எம். தேர்வு ஆண்டில் என் காமிக்ஸ் எல்லாவற்றையும் அட்டைப் பெட்டியில் கட்டி வைத்தேன். பழைய நாளிதழ் வாங்க லோரியில் வருபவரிடம் அம்மா அதை எடைக்குப் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு இருபத்தைந்து ஆண்டுகள் தொடவில்லை. திரும்பி வர நினைத்தபோது வழி சொல்ல ஆளில்லை. கேட்ட இடமெல்லாம் "முதலில் இந்த நாற்பது புத்தகங்களைப் படி" என்றார்கள். நாற்பது புத்தகங்கள் என்றால் மூவாயிரம் ரிங்கிட். அந்தத் தொகையும் நேரமும் உங்களுக்கு மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. உலகத்தை விடுங்கள், ஓர் ஆளைப் பிடியுங்கள்

நம்மில் பலர் செய்யும் முதல் தவறு, விட்ட இடத்திலிருந்து தொடர நினைப்பது. விட்ட இடம் என்று ஒன்று இப்போது கிடையாது. ஸ்பைடர்மேனின் முதன்மைத் தொடர் 1963இல் முதல் இதழோடு தொடங்கியது. பிறகு 1999, 2014, 2015, 2018, 2022, 2025 ஆகிய ஆண்டுகளிலும் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது. ஆகவே அட்டையில் "1" என்று இருப்பதால் கதை அங்கே தொடங்குகிறது என்று நம்பிவிடாதீர்கள். பதிப்பகம் புதிய வாசகர்களை அழைக்கப் போடும் கோலம் அது. வாசலுக்கு உள்ளே பழைய குடும்பச் சண்டை அப்படியேதான் நடந்துகொண்டிருக்கும்.

உங்களுக்குச் சிறு வயதில் பிடித்த ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாத்திரத்தை மையமாக வைத்து, தொடங்கி, முடிந்தும் போன ஒரு கதையைத் தேடுங்கள். நான்கு முதல் பன்னிரண்டு இதழ்களுக்குள் முடியும் தனிக்கதைகள் நிறையவே உண்டு. நான் கடைசியில் முழுதாகப் படித்து முடித்தவை எல்லாம் இந்த வகைதான்.

பல தொடர்களில் ஒரே நேரத்தில் ஓடும் பெருநிகழ்வுக் கதைகளை முதல் ஆறு மாதம் தொடவே வேண்டாம். அட்டையில் பத்துப் பேருக்கு மேல் நின்றால் அலமாரியில் திருப்பி வைத்துவிடுங்கள். இது கொஞ்சம் மூர்க்கமான விதிதான், ஆனால் எனக்குப் பணம் மிச்சப்படுத்தியிருக்கிறது.

2. பொடி எழுத்துப் பக்கத்தைப் படியுங்கள்

இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. தனித்தனியாக வந்த இதழ்களைச் சேர்த்துக் கட்டிய எந்தத் தொகுப்பு நூலிலும் பதிப்புரிமை விவரம் உள்ள பக்கம் ஒன்று இருக்கும். எறும்பு ஊர்ந்ததுபோல் எழுத்து. சில நூல்களில் பின் அட்டையின் அடியில் இருக்கும். எந்தத் தொடரின் எந்தெந்த இதழ்கள் இந்நூலில் அடங்கியுள்ளன என்று அங்கே அச்சிட்டிருப்பார்கள். "1 முதல் 12 வரை" என்று ஒரே தொடரின் பெயர் இருந்தால் நல்லது. "17 முதல் 22 வரை" என்றால் நடுவில் நுழைகிறீர்கள். மூன்று நான்கு தொடர்களின் பெயர்கள் காற்புள்ளி போட்டு வரிசையாக வந்தால் ஓடிவிடுங்கள்.

கடைகளில் இந்தப் புத்தகங்கள் பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பதுதான் சிக்கல். என் 412 ரிங்கிட் இப்படித்தான் போயிற்று. பிரித்துக் காட்டச் சொல்லிக் கேட்பது மரியாதையில்லையோ என்று தயங்கினேன். அடுத்த முறை வேறொரு கடையில் வாய்விட்டுக் கேட்டபோது, அங்கிருந்த தம்பி கத்திரிக்கோலுடன் வந்து உறையை வெட்டி, "பாருங்கள் அக்கா, பிடிக்காவிட்டால் வைத்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். கேளுங்கள். மறுத்தால், நூலின் பெயரைக் கைப்பேசியில் தேடினால் பதிப்பகத்தின் பக்கத்திலேயே இதழ் எண்கள் கிடைக்கும்.

வயதுக் குறியையும் அதே கையோடு பார்த்துக்கொள்ளுங்கள். சூப்பர்மேன், பேட்மேன் கதைகளை வெளியிடும் டி.சி. பதிப்பகத்தின் நூல்களில் 13+, 17+ என்று இருக்கும். ஸ்பைடர்மேனை வெளியிடும் மார்வெல் பதிப்பகத்தின் நூல்களில் T, T+ என்பவை பதின்ம வயதினருக்கானவை. அதற்கும் மேற்பட்டவற்றில் பெற்றோருக்கான எச்சரிக்கை தனியாக அச்சிடப்பட்டிருக்கும். வன்முறை மிகுந்த 'பேட்மேன்: தி கில்லிங் ஜோக்' நூலை, மெலிந்த புத்தகம்தானே என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த ஒரு தகப்பனாரை எனக்குத் தெரியும். வீட்டில் ஒரு வாரம் பேச்சு வார்த்தை இல்லை.

3. முதல் புத்தகம் எது?

என்னைக் கேட்டால் 'ஆல்-ஸ்டார் சூப்பர்மேன்'. எழுதியவர் கிரான்ட் மாரிசன், வரைந்தவர் ஃபிராங்க் குவைட்லி. 2005 முதல் 2008 வரை வந்த பன்னிரண்டு இதழ்கள். சூரியனுக்கு மிக அருகில் போய் ஒரு விண்கலத்தைக் காப்பாற்றியதில் சூப்பர்மேனின் உடல் தாங்க முடியாத ஆற்றலை வாங்கிக்கொள்கிறது. இனி அதிக நாள் இல்லை என்பது முதல் இதழிலேயே தெரிந்துவிடுகிறது. மிச்ச நாள்களில் அவன் என்னென்ன செய்து முடிக்கிறான் என்பதுதான் கதை. முன்கதை எதுவும் தெரிய வேண்டாம். சிறு வயதில் ஒரு படம் பார்த்திருந்தால் போதும்.

பத்தாவது இதழில் ஒரு பக்கம். உயரமான கட்டடத்தின் விளிம்பில் ஒரு பெண் நிற்கிறாள், குதிக்கப் போகிறாள். பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளில் படுகிறது. உன் மருத்துவர் வரத் தாமதமானது உண்மைதான் என்று சூப்பர்மேன் சொல்கிறான். நீ நினைப்பதைவிட உனக்கு வலிமை அதிகம் என்கிறான். அவள் திரும்பி அவனைக் கட்டிக்கொள்கிறாள். அவ்வளவுதான், ஒரே பக்கத்தில் முடிந்துவிடுகிறது. சாகப்போகிறவன் தன் வேலைகளின் நடுவே இதற்கும் நேரம் ஒதுக்கியிருக்கிறான் என்பது அடுத்த பக்கத்துக்குப் போன பிறகுதான் மனத்தில் தைக்கிறது. எல்.ஆர்.டி. ரயிலில் படித்துக்கொண்டிருந்தேன். செத்தியாவாங்சாவில் இறங்க வேண்டியவள் வாங்சா மாஜு வரை போய்த் திரும்பி வந்தேன்.

பிள்ளைகளோடு சேர்ந்து படிக்க வேண்டுமா? 'சூப்பர்மேன் ஸ்மாஷஸ் தி கிளான்' வாங்குங்கள். ஜீன் லூயன் யாங் எழுதி, குரிஹிரு என்ற பெயரில் இரண்டு ஜப்பானிய ஓவியர்கள் சேர்ந்து வரைந்தது; மூன்று பகுதிகளும் ஒரே நூலாகக் கிடைக்கும். 1946இல் நடக்கும் கதை. சைனாடவுனிலிருந்து ஒரு சீனக் குடும்பம் மெட்ரோபோலிஸ் நகரில் வேறு பகுதிக்குக் குடிபெயர்கிறது. தலைப்பில் உள்ள 'கிளான்' என்ற வெள்ளை இனவெறி முகமூடிக் கும்பல், அவர்களை மிரட்ட வீட்டு வாசலில் சிலுவையைக் கொளுத்துகிறது. வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த சூப்பர்மேனும் தன் பிறப்பைப் பற்றிய பயத்தை மறைத்துக்கொண்டு திரிகிறான். வீட்டுக்குள் ஒரு மொழி, வாசலைத் தாண்டினால் இன்னொரு மொழி என்று வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை. என் மகன் இரண்டு இரவில் முடித்துவிட்டு, "அந்த அப்பா ஏன் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறார்?" என்று மட்டும் கேட்டான். அவன் தாத்தாவைப் பற்றி அன்றைக்குக் கொஞ்சம் பேசினோம்.

பெரியவர்களுக்கு, அதுவும் குடும்பக் கதை பிடிப்பவர்களுக்கு, 'விஷன்'. டாம் கிங் எழுதியது, வரைந்தவர் கேப்ரியல் ஹெர்னாண்டஸ் வால்டா, 2015–16. இயந்திர மனிதன் ஒருவன் தனக்கென்று மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் உருவாக்கி, வாஷிங்டன் புறநகரில் வீடு பிடித்துக் குடியேறுகிறான். அக்கம்பக்கத்தார் பலகாரத்தோடு வந்து பார்க்கிறார்கள். எல்லாரையும்போல இருக்க வேண்டும் என்ற ஒரே ஆசைதான் அந்த வீட்டைக் குலைக்கிறது. இங்கே ஒரு பொறி உண்டு. பன்னிரண்டு இதழ்களும் முதலில் ஆறு ஆறாக இரண்டு நூல்களாக வந்தன. பழைய புத்தகக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் முதல் நூல் மட்டும்தான். பாதியில் நிற்கும் கதையை வாங்கிவிட்டு இரண்டாம் நூலுக்கு நான் நான்கு மாதம் அலைந்தேன். முழுத் தொகுப்பாக ஒரே நூலும் வந்திருக்கிறது, அதையே கேளுங்கள்.

சிரிக்க வேண்டும் என்றால் மேட் ஃபிராக்ஷன் எழுதி டேவிட் ஆஹா பெரும்பகுதி வரைந்த 'ஹாக்ஐ'. 2012இல் தொடங்கி 22 இதழ்களில் முடிந்தது. சக்தி ஏதும் இல்லாத வில்லாளி ஒருவன், வேலையில்லாத நாள்களில் தன் அடுக்குமாடிக் குடியிருப்பில் என்ன செய்கிறான் என்பது கதை. வாடகைக்காரர்களை விரட்டப் பார்க்கும் அடியாள்கள், மொட்டை மாடியில் விருந்து, ஒரு நாய். பதினோராவது இதழ் முழுவதும் அந்த நாயின் கண் வழியாகச் சொல்லப்படுகிறது. மனிதர் பேச்சில் நாய்க்குப் புரியும் சொற்கள் மட்டுமே நமக்கும் தெரியும், மற்றவை கிறுக்கல். அந்த இதழ் இரண்டாம் நூலில் இருக்கிறது, முதல் நூலில் தேடாதீர்கள்.

ஆங்கிலம் அவ்வளவு சரளமாக வராதவர்களுக்கு 'சூப்பர்மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்' நல்லது. 1998, நான்கே இதழ்கள், பெரிய படங்கள், குறைந்த சொற்கள். வசந்தம், கோடை, இலையுதிர் காலம், குளிர் என்று ஒவ்வொரு பருவத்தையும் சூப்பர்மேனை அறிந்த ஒவ்வொருவர் சொல்கிறார்கள். முதலில் பேசுவது வளர்ப்புத் தந்தை. பேட்மேன் பிரியர்களுக்கு 1987இல் வந்த 'பேட்மேன்: இயர் ஒன்', இதுவும் நான்கு இதழ்தான். பேட்மேனைவிட அதில் போலீஸ்காரர் கார்டனின் கதைதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

4. எங்கே, என்ன விலைக்கு?

புதிய நூல் என்றால் சூரியா கே.எல்.சி.சி. பேரங்காடியில் உள்ள கினோகுனியா. கே.எல்.சி.சி. எல்.ஆர்.டி. நிலையத்திலிருந்து நேரே உள்ளே போய்விடலாம், மழையில் நனைய வேண்டாம். காமிக்ஸ் அலமாரிகள் நிறைய. வார நாள் காலையில் போனால் நின்று நிதானமாகப் பார்க்கலாம். வழக்கமான தொகுப்பு நூலுக்கு நான் கொடுத்தது 70 முதல் 95 ரிங்கிட் வரை. தடித்த அட்டை போட்ட பெரும் தொகுப்புகள் 200ஐத் தாண்டும்; அவற்றைக் கையில் தூக்கிப் படிக்கவும் முடியாது, அலமாரியும் தாங்காது. திரும்பி வருகிறவருக்கு அவை வேண்டாம்.

விலை குறைக்க ஒரு வழி இருக்கிறது. டி.சி. நிறுவனம் 2024 முதல் கையடக்கப் பதிப்புகளை 9.99 அமெரிக்க டாலர் விலையில் வெளியிடுகிறது. 'ஆல்-ஸ்டார் சூப்பர்மேன்' முழுவதும் அந்த வரிசையில் ஒரே நூலாக வந்திருக்கிறது. பைக்குள் அடங்கும், பஸ்ஸில் படிக்க வசதி. படம் சுருங்கும்போது எழுத்தும் சுருங்குகிறது என்பதுதான் குறை. நாற்பது தாண்டியவர்கள் கண்ணாடியை எடுத்துப்போய்க் கடையிலேயே ஒரு பக்கம் படித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கழிவு விலை நூல்களுக்கு ஜாலான் சுல்தானில் உள்ள பழைய ரெக்ஸ் திரையரங்கக் கட்டடத்தின் புக்எக்செஸ். பசார் செனி நிலையத்திலிருந்து நடந்துவிடலாம். அங்கே பட்டியலோடு போகாதீர்கள். வெளிநாட்டில் மிஞ்சிய சரக்கு என்பதால் இன்றைக்கு இருப்பது நாளைக்கு இருக்காது. இரண்டாம் பாகமும் ஐந்தாம் பாகமும் மலிவாகக் கிடக்கும், ஒன்றாம் பாகம் இருக்காது. பொடி எழுத்துப் பக்கம் இங்கேதான் அதிகம் உதவும். பெட்டாலிங் ஜெயாவின் அம்கோர்ப் மாலில் சனி, ஞாயிறு நடக்கும் பழம்பொருள் சந்தையிலும் பழைய காமிக்ஸ் தட்டுப்படும். தாமான் ஜெயா நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. முற்பகலிலேயே போங்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், பக்கங்களை எண்ணிப் பாருங்கள்.

கடையில் இல்லாததைச் சொல்லி வைத்து வரவழைக்கலாம். எனக்கு ஒருமுறை ஆறு வாரம் ஆனது. முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி நான் ஒருமுறை இருபது ரிங்கிட் விட்டிருக்கிறேன்.

5. இணையத்தில் வாங்கினால்

வெளிநாட்டு விற்பனையாளரிடம் 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருள் வாங்கினால் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. 2024 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அனுப்பும் செலவையும் கூட்டிப் பாருங்கள். ஒரே ஒரு நூல் என்றால் உள்ளூர்க் கடையே பெரும்பாலும் மலிவு. ஒரு விற்பனையாளர் எனக்கு நூலை வெறும் சாம்பல் நிறப் பையில் போட்டு அனுப்பினார். மூலை நாய்க்காது போல மடங்கி வந்தது. அட்டைப் பெட்டியில் அனுப்புவீர்களா என்று முதலிலேயே எழுதிக் கேளுங்கள். பொட்டலத்தைப் பிரிப்பதைக் கைப்பேசியில் காணொளியாகப் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவு இல்லாததால்தான் எனக்கு மாற்று நூல் கிடைக்கவில்லை.

திரையில் படிக்கப் பிடிக்கும் என்றால் மார்வெல் அன்லிமிடெட் செயலி இருக்கிறது. புதிய இதழ்கள் கடைக்கு வந்து மூன்று மாதம் கழித்துத்தான் அதில் சேரும். நமக்கோ இருபத்தைந்து ஆண்டு பாக்கி, மூன்று மாதம் ஒரு பொருட்டில்லை. ஒரு மாதச் சந்தா கட்டி 'விஷன்', 'ஹாக்ஐ' இரண்டையும் படித்துவிட்டு, பிடித்ததை மட்டும் தாளில் வாங்கலாம். சந்தா தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். சேர்ந்த அன்றே நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

6. ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்

கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள் என்பதால் இதைச் சொல்லாமல் விட மனமில்லை. வருமான வரிப் படிவத்தில் வாழ்க்கைமுறை விலக்கு என்று ஆண்டுக்கு 2,500 ரிங்கிட் வரை ஒரு பிரிவு உண்டு. தடை செய்யப்படாத புத்தகம், சஞ்சிகை, நாளிதழ் எல்லாம் அதில் அடங்கும். தாளில் என்றாலும் மின்வடிவில் என்றாலும். காமிக்ஸும் புத்தகம்தான், கூச்சப்பட வேண்டாம்.

ஆனால் கனவு காணவும் வேண்டாம். கைப்பேசி, கணினி, உங்கள் பெயரில் உள்ள இணையக் கட்டணம் ஆகியவையும் இதே 2,500இல்தான் வருகின்றன. மாதம் 129 ரிங்கிட் இணையக் கட்டணம் என்றால் ஆண்டுக்கு 1,548 போய்விடும். புத்தகத்துக்கு மிஞ்சுவது 952. அதுவும் கையில் திரும்பி வரும் பணமல்ல, வரிக்குரிய வருமானத்தில் கழிபடுவது. வரிக்குரிய வருமானம் 50,001 முதல் 70,000 ரிங்கிட் வரையிலான படியில் இருந்தால் விழுக்காடு 11. அறுநூறு ரிங்கிட் புத்தகத்துக்கு மிச்சமாவது 66 ரிங்கிட். ஒரு நூலின் விலை, அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

ரசீதை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். கடைகளில் கொடுக்கும் வழவழப்புத் தாள் ரசீது நம் ஊர் வெக்கையில் ஓராண்டில் வெளுத்து வெள்ளைக் காகிதமாகிவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்து, ஆண்டின் பெயரில் ஒரு கோப்புறையில் போட்டு வையுங்கள். "பல்பொருள்" என்று மட்டும் அச்சிட்டுக் கொடுத்தால், நூலின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். சந்தையில் வாங்கிய பழைய நூலுக்கு ரசீது கிடைக்காது. அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

7. இரண்டாவது புத்தகம், ஒரு மாதம் கழித்து

முதல் நூல் பிடித்துப்போன வேகத்தில் அதே பாத்திரத்தின் இன்னும் ஐந்து நூல்களை வாரிக்கொண்டு வரத் தோன்றும். பாத்திரம் ஒன்றானாலும் எழுதுகிறவர் மாறினால் ஆளே மாறிவிடுகிறார். எனவே எழுதியவர் அல்லது வரைந்தவர் பெயரைப் பிடித்துக்கொண்டு போங்கள். 'விஷன்' பிடித்தவர்களுக்கு அதே டாம் கிங்கின் 'சூப்பர்கேர்ள்: வுமன் ஆஃப் டுமாரோ' இருக்கிறது, எட்டு இதழ், முடிந்த கதை, பில்கிஸ் எவிலியின் கோடுகளுக்காகவே இன்னொரு முறை புரட்டலாம். மாதத்துக்கு ஒன்று என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். சம்பளம் வந்த மறுநாள் கடைப் பக்கம் போவதில்லை. நான்கைந்து நாள் கழித்துப் போனால் கை தானாகக் குறுகுகிறது.

8. ஈரமும் பூச்சியும்

வழவழப்பான தாள் நம் ஊர்க் காற்றின் ஈரத்தை உறிஞ்சி அலை அலையாக நெளியும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். படுக்க வைத்து அடுக்கினால் அடியில் இருப்பது பிதுங்கும், நிமிர்த்தி வையுங்கள். ஈரம் உறிஞ்சும் பெட்டிகள் எந்த மினி மார்க்கெட்டிலும் கிடைக்கும்; தண்ணீர் நிறைந்ததும் மாற்ற வேண்டும், மறந்தால் கவிழ்ந்து புத்தகத்தின் மேலேயே கொட்டும். எனக்குக் கொட்டியிருக்கிறது. சந்தையில் வாங்கிய பழைய நூலை நேரே மற்றவற்றோடு சேர்க்காமல், மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு வாரம் தனியாக வைத்துப் பாருங்கள். ராமபாணப் பூச்சி இருந்தால் அதற்குள் டப்பாவின் அடியில் தூளாகக் கொட்டிக் கிடக்கும்.